நீங்க சொன்னபடிதான்

அவருக்கு வலது காது மடல் மட்டும் எப்போதும் தடித்துப் போயிருக்கும். சொறிந்து சொறிந்து அப்படி ஆனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ படை என்று நினைத்து, லாரியில் அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே போனதுண்டு. எனக்குப் பயந்த சுபாவம். இடி என்றால் பயம், மேலதிகாரி என்றால் இரட்டிப்புப் பயம். அந்தக் காதைப் பார்த்து நான் உண்மையிலேயே பயந்திருக்க வேண்டிய காரணம் வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது.

மலாக்காவில் குழாய்த் தண்ணீர் விடுகிற ஆபீசில் அவர் சாவிக்காரர். தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய்களில் ஆங்காங்கே வால்வுகள் இருக்கும். ஆள் உயர இரும்புச் சாவியை மேலிருந்து குழிக்குள் விட்டு வால்வைத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் மூடும், இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். அந்தச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காக்கிக் கால்சட்டையும் பனியனுமாக அவர் போவதைப் பார்த்தால் யாரோ வீட்டுக் கதவைத் திறக்கப் போகிற பூதம் மாதிரி இருக்கும். ஆபீசில் எல்லாரும் “சாவி” என்றே கூப்பிடுவார்கள். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்தது. நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

எங்கள் ஆபீசில் யார் யாரிடம் பேசலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரை மண்டோரிடம் பேசுவார். மண்டோர் என்றால் கூலியாட்களுக்கு மேலாள், நம்மவர்தான். மண்டோர் ஆட்களிடம் பேசுவார். ஆட்கள் மண்டோரிடம் மட்டும் பேச வேண்டும், அதுவும் கேட்டால். கணக்கு எழுதும் கிராணிகளான நாங்கள் நடுவில் காகிதத்தோடு நிற்போம். கூலியாள் ஒருவன் நேராகக் கிராணியிடம் ஏதாவது சொன்னால், “என் தலைக்கு மேல போறியா?” என்று மண்டோர் ஒரு வாரம் அவனைக் கக்கூஸ் குழாய் வேலையிலேயே போட்டுவிடுவார்.

ஆனால் அவர் அந்தச் சட்டத்தை மற்றவர்கள் மாதிரி முனகிக்கொண்டு கடைப்பிடிக்கவில்லை. அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எதையும் தான் சொன்னதாகச் சொல்ல மாட்டார். எல்லாம் மேலே இருப்பவர் ஏற்கெனவே சொன்னதுதான்.

ஒருமுறை உஜோங் பாசிரில் குழாய் வெடித்துச் சாலையெல்லாம் வெள்ளம். மண்டோர் பாரிட்டுக்கு, அதாவது சாலையோர வாய்க்காலுக்கு, இந்தப் பக்கம் தோண்டச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் தோண்டியும் குழாயைக் காணோம். சாவிக்காரர் மெதுவாக மண்டோர் பக்கத்தில் போய், “அய்யா, நீங்க காலைல லாரியில சொன்னீங்களே, குழாய் அந்தாண்டப் பக்கம் போவுதுன்னு. இவனுங்க காதுல வாங்கலபோல” என்றார். மண்டோர் காலையில் லாரியில் தூங்கிக்கொண்டு வந்தார். நான் பார்த்தேன். ஆனாலும் சட்டென்று நிமிர்ந்து, “ஏன்டா, சொன்னேன்ல? அந்தாண்டப் பக்கம் தோண்டுங்கடா!” என்று கத்தினார். ஒன்றரை முழத்தில் குழாய் கிடைத்தது.

“தேங்க்ஸ் சாவி” என்று நான் கிண்டலாகச் சொன்னேன்.

“நானா? மண்டோர் அய்யா சொன்னபடிதான் கிராணி” என்றார். முகத்தில் சிரிப்பு எள்ளளவும் இல்லை.

அதைச் சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன். ரசிக்கவும் செய்தேன். ஊரில் எந்தத் தெருவில் எந்த வால்வு என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதும், அது வேறு யாருக்கும் தெரியாது என்பதே யாருக்கும் தெரியாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. துரை மண்டோருக்குத் தெரியும் என்று நம்பினார். மண்டோரே தனக்குத் தெரியும் என்று நம்ப ஆரம்பித்திருந்தார். பாவம், அவர்மேலும் தப்பில்லை. தினமும் பத்து தடவை “நீங்க சொன்னபடிதான்” என்று கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். துரை ஊருக்குக் கப்பலேற வேண்டிய நாளும் வந்தது. போவதற்கு முன் ஊரின் குழாய்ப் படத்தைப் புதிதாக வரைந்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய படம் சண்டைக்கு முந்தியது. ஜப்பான்காரன் காலத்தில் கையில் கிடைத்த வால்வையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு மூன்று மாதம் தவணை கொடுத்தார். படத்தின் மூலையில் வரைந்தவன் கையெழுத்து இருக்க வேண்டும். படம் சரியாக இருந்தால் என் வேலை நிரந்தரம் ஆகும்.

அப்போது என் மனைவிக்கு ஆறு மாதம். நாங்கள் காஜா பெராங்கில், செட்டிக் கம்போங்குக்குப் பின்னால், அத்தாப்புக் கூரை போட்ட வரிசை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டி. பெயரும் பூசையும் நம்முடையது, பேச்சு முழுக்க மலாய். எங்களுக்கு முன் வரிசையில்தான் சாவிக்காரரும் மனைவியும் இருந்தார்கள். படத்தில் தப்பு இருந்து வேலை போனால் வாடகைக்கு எங்கே போவேன் என்ற கவலை ஒரு பக்கம். ஓலைக்கூரைகள் நடுவில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர்ப் படம் தப்பாக இருக்கக் கூடாது என்ற கவலை இன்னொரு பக்கம். சோறு இறங்கவில்லை.

மண்டோரைக் கேட்டு எழுதினேன். பத்தில் நான்கு இடத்தில் குழியே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரர் வீட்டுக்குப் போனேன். கோப்பி கொடுத்தார். நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார்.

“உட்காருங்க. உங்க வீடுதானே?”

“இருக்கட்டும் கிராணி.”

“ஊர்ல வால்வெல்லாம் எங்கெங்க இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

“மண்டோர் அய்யாவுக்குத் தெரியுமே.”

“தெரியலீங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவர் முகம் வெளிறிப்போனது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்படிப் பேசாதீங்க கிராணி. நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. சரியான்னு மட்டும் கேளுங்க” என்றார்.

அப்படித்தான் அந்த விளையாட்டு ஆரம்பமானது. ஞாயிறுதோறும் இருவரும் தெருத் தெருவாக நடப்போம். “இந்த மூலையில ஒரு வால்வு இருக்கு” என்பேன் குத்துமதிப்பாக. சரியாக இருந்தால் “நீங்க சொன்னபடிதான்” என்பார். தப்பென்றால் வாய் திறக்க மாட்டார், கை மட்டும் தானாக வலது காதுக்குப் போகும். அப்போதுதான் அது படை இல்லை என்று புரிந்தது. “எதிர் மூலையிலயா?” சொறிதல். “கோயில் சுவரோரமா?” சொறிதல் நிற்கும். “நீங்க சொன்னபடிதான் கிராணி. எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ!” இப்படி ஊர் முழுக்க. பத்து வார்த்தையில் முடிகிற காரியத்துக்குப் பத்து ஞாயிறு. எனக்கு அடிக்கடி எரிச்சல் வரும். ஆனாலும் படம் வளர்ந்தது.

கடைசியாக எங்கள் காஜா பெராங் முச்சந்தி வால்வு. எல்லா அளவும் சொன்னேன். எட்டு அங்குலம், நாலடி ஆழம், இங்கிருந்து மூன்று வரிசை வீடுகளுக்கும் தீயணைக்கும் பொம்பா வண்டிக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கும் இதுதான் வழி. எல்லாவற்றுக்கும் “நீங்க சொன்னபடிதான்.” நோட்டை மூடினேன். அவர் நகரவில்லை. கை காதில் இருந்தது.

“என்னங்க, ஏதாவது தப்பா?”

சொறிந்துகொண்டே நின்றார்.

“பக்கத்துல இன்னொரு வால்வு இருக்கா?” சொறிதல். “ஆழம் தப்பா?” சொறிதல். “குழாய் வேற பக்கம் பிரியுதா?” சொறிதல். எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். வெயிலில் தலை சுற்றியது. “ஐயா, புண்ணியமாப் போகும், வாயத் திறந்து சொல்லுங்க” என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்கியிருந்தது. உதடுகூட அசைந்தது. பிறகு, “ஒண்ணுமில்ல கிராணி. வேர்க்குரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு முயன்றேன். தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? தவணை முடிந்தது. மூலையில் கையெழுத்துப் போட்டேன். துரை கைகுலுக்கிவிட்டுக் கப்பலேறினார். அந்த முச்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் குழியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவேன். அங்கே ஏதோ தப்பு இருந்தது. அதன்மேல் என் பெயர் இருந்தது. அதற்கு இருநூறு அடி தள்ளி என் வீடு இருந்தது.

புது எஞ்சினியர் உள்ளூர்க்காரர், மலாய்க்காரர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். அவர் வந்த இரண்டாம் மாதம் மழை அடியோடு நின்றது. தண்ணீரை மிச்சம் பிடிக்க, காஜா பெராங் வால்வைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கச் சொல்லி உத்தரவு. தினமும் சாவிக்காரர்தான் போய் மூடுவார். சாவியைத் திரும்பக் கொண்டுவந்து ஸ்டோரில் வைத்துவிட வேண்டும். மண்டோர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு இருக்கும். எனக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்து மூன்று நாள். ஆபீஸ் வாசலில் ஒரு சைக்கிள்காரன் மூச்சிரைக்க வந்து, “அப்பி! காஜா பெராங் அப்பி!” என்று கத்தினான். மலாயில் நெருப்பு என்றால் அப்பி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “மிஸ்டர் கிராணி, படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்று எஞ்சினியர் மலாயில் சொன்னதும்தான் உடம்பு நகர்ந்தது. லாரியில் அவர், மண்டோர், ஆட்கள், சாவிக்காரர், நான். செங் கிராமத்துப் பக்க வானம்வரை கறுப்புப் புகை. முன் வரிசையில் ஒரு கோடிவீட்டுக் கூரை எரிந்துகொண்டிருந்தது. பொம்பா வண்டி வந்து நின்றுவிட்டது, ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை. வால்வு மூடியிருந்தது.

என் மனைவி வெளியே வந்தாளா இல்லையா என்று தெரியவில்லை. ஓடிப் போய்ப் பார்க்க ஒரு எட்டு வைத்தேன். “படம்!” என்றார் எஞ்சினியர். திரும்பி வந்து முச்சந்தியில் படத்தை விரித்துப் பிடித்தேன்.

மற்ற நாளென்றால் சாவிக்காரர் நேரே போய்த் திறந்திருப்பார். அன்று எஞ்சினியர் பக்கத்தில் நிற்கிறார். ஆகையால் மண்டோரே சாவியை வாங்கிக்கொண்டார். பத்து வருடமாகத் தொடாத சாவி. குழியில் விட்டு, இடது பக்கம் திருப்பினார். அசையவில்லை. “துருப் புடிச்சிருச்சு. வாங்கடா ரெண்டு பேரு!” மூன்று பேராக முக்கினார்கள். அசையவில்லை. இரண்டாவது கூரை பிடித்துக்கொண்டது. “இன்னும் ஒருத்தன் வாடா! இடப்பக்கம், இடப்பக்கம், தம் கட்டு!” உள்ளே இரும்பு கிறீச்சிட்டது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் தண்டு முறிந்துவிடும். முறிந்தால் தண்ணீர் என்பதே கிடையாது.

அப்போது சாவிக்காரரைப் பார்த்தேன். கும்பலுக்கு வெளியே நின்றார். கை காதில் இருந்தது. சாதாரணச் சொறிதல் இல்லை. நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார், ரத்தம் வந்துவிட்டது. கண் மண்டோரின் கையைவிட்டு நகரவில்லை. மூன்றாவது வீட்டுக்கு அடுத்தது அவர் வீடு.

தப்பு. மண்டோர் சொல்வது தப்பு. என்ன சொல்கிறார்? இடப்பக்கம். அப்படியானால்? கடவுளே, அதையா கேட்காமல் விட்டேன்! ஊரிலிருக்கிற எல்லா வால்வும் ஒரு மாதிரி என்றால், இது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் கத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கத்தவில்லை. மண்டோரை எஞ்சினியர் முன்னால் எப்படித் தப்பென்பது? ஒருவேளை நான் சொல்வது தப்பாகி வால்வு உடைந்துவிட்டால்? யார் சொன்னது என்று கேட்டால், ஒருத்தர் காதைச் சொறிந்தார் என்றா சொல்வது? என் பெண்டாட்டி பிள்ளை இருநூறு அடியில் இருக்க, நான் இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்? மூன்று நிமிடமோ, நாலோ. மூன்றாவது கூரை பிடித்தது. நாலாவதும் பிடித்தது.

“வலப்பக்கம்!” என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. “வலப்பக்கம் திருப்புங்க! அது எதிர்ப்பக்கம் திறக்குற வால்வு!”

மண்டோர் திரும்பிப் பார்த்தார். “கிராணி, ஒங்க வேல காயிதத்துல. நீங்க சும்மா இருங்க.”

“யார் சொன்னது?” என்றார் எஞ்சினியர் என்னைப் பார்த்து.

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. அமைதியாக, பணிவாக, தினமும் வருகிற அதே குரல்.

“கிராணி சொன்னபடிதான் அய்யா. மண்டோர் அய்யாகூட முந்தியே எங்ககிட்ட சொல்லியிருக்காரு. பொகையில மறந்துட்டாருபோல.”

மண்டோர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “ஆமாடா, சொன்னேன்ல! வலப்பக்கம் புடிங்கடா!” என்று கத்தினார். சாவி வெண்ணெய் மாதிரி சுழன்றது. பொம்பாக்காரர்களின் குழாய் விறைத்து எழுந்தது.

முன் வரிசையில் ஏழு வீடு போனது. உயிர்ச்சேதம் இல்லை. என் மனைவியை வீட்டுக்காரம்மா முன்னமே இழுத்துக்கொண்டுபோய் பாரிட்டுக் கரையில் உட்காரவைத்திருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். வால்வு விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவே இல்லை.

“அதுவா? தெனமும் மத்தியானம் அவரு மூடறத வாசல்லேருந்து பாக்குறேனே. இடப்பக்கமாத்தான் சுத்துவாரு.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? படம் வரைஞ்சதுலேருந்தே, வால்வுன்னாலே வள்ளுன்னு விழுறீங்களே.”

விசாரணை நடந்தது. அறிக்கையை எழுதினவனே நான்தான். சமயத்தில் கிராணி சொன்னதாலும், மண்டோர் முன்னமே அறிந்திருந்ததாலும் பெரும் சேதம் தவிர்க்கப்பட்டது என்று எழுதினேன். சாவிக்காரரின் பெயர் அதில் இல்லை. அவர்தான் காலைப் பிடிக்காத குறையாக, “என் பேரு எங்கயும் வேணாம் கிராணி” என்று கேட்டுக்கொண்டார். என் வேலை நிரந்தரமானது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று இன்றுவரை என்னை நானே கேட்டுப் பார்த்ததில்லை. கேட்கப் பயம்.

நெருப்புக்கு மறுநாள் காலை அவரைத் தேடிக்கொண்டு போனேன். கரிந்த தூண்களுக்கு நடுவில் குந்தி, சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். மனைவியை, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ஒரு செம்பும் தேங்காய் துருவுகிற பலகையின் இரும்பும் கிடைத்திருந்தன.

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. “உங்க வீடே எரியுது. அப்பகூடவா ஒரு வார்த்தை வரல? என்ன மனுஷன் நீங்க?”

அவர் செம்பைச் சட்டையில் துடைத்தார். “மண்டோர் அய்யாவோட எடது கையப் பாத்திருக்கீங்கள்ல?”

பார்த்திருக்கிறேன். முழங்கைக்குக் கீழே வளைந்திருக்கும், நீட்ட வராது.

“ஜப்பான்காரன் காலம். ஒரு எடத்துல குழாய் ஒடஞ்சிருச்சு. ஆபீசர் வந்து, எங்கன்னு கேட்டான். மண்டோர் ஒரு எடத்தக் காட்டுனாரு. நான் பொடுக்குன்னு, அங்க இல்ல, இங்கன்னு சொல்லிட்டேன். நான் சொன்னதுதான் சரி. பொய் சொன்னாருன்னு எல்லாரு முன்னாடியும் அவர அந்தச் சாவியாலயே அடிச்சான். எனக்கு ஒரு சிகரெட் குடுத்தான்.” செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது கிராணி.”

அவர் பக்கத்தில் குந்தினேன். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. நேற்றிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியுமே. கேள்வியாகக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

“நீங்க காதச் சொறிஞ்சத நான் முன்னாடியே பாத்துட்டேன். அப்பவே கத்தியிருந்தா உங்க வீடு தப்பிச்சிருக்கும்.”

சொல்லிவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காதுக்குப் போகட்டும், போகட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கை செம்பின் மேலேயே இருந்தது.

“நீங்க சொன்னபடிதான் கிராணி” என்றார், ரொம்ப மெதுவாக.